பன்னெண்டு தொகுதி, ரெண்டு பேர், ஒரு வருஷம்

டிசம்பர் கடைசி வாரம் வந்தா எனக்கு ஒரு வியாதி வரும். எக்செல்ல புது ஷீட் திறந்து, 'இந்த வருஷம் படிக்க வேண்டியவை'ன்னு தலைப்பு போட்டு, வாரத்துக்கு ஒண்ணுன்னு 52 வரிசை அடிச்சு வச்சுடுவேன். முடிச்சா பச்சை, பாதியில நின்னா மஞ்சள், தொடவே இல்லைன்னா சிவப்பு. பொட்டி தட்டறவன் புத்தி, வேற என்ன சொல்ல. மார்ச் வரைக்கும் ஷீட்ல வசந்தம். அப்புறம் ஆபீஸ்ல ஆணி அதிகமாயிடும், மிச்ச வரிசையெல்லாம் மிளகா காயப்போட்ட மாதிரி சிவப்பா கிடக்கும்.

ஒரு வருஷம் முன்னாடி, டிசம்பர் 31 சாயங்காலம், இந்த ஷீட்டை நண்பன்கிட்ட காட்டினதுதான் வினை. இடம்: தவளக்குப்பம் சந்திப்பு டீக்கடை. தெரியாதவங்களுக்காக: பாண்டிச்சேரியிலேர்ந்து கடலூர் போற ரோட்டுல முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், நோணாங்குப்பம்னு தாண்டி, சுண்ணாம்பாறு பாலத்தையும் தாண்டினா எங்க ஊர். கிழக்கே திரும்பினா நல்லவாடு, கடல். அன்னிக்கு ராத்திரி கடலூர் பக்கத்து வண்டியெல்லாம் புத்தாண்டு கொண்டாட பாண்டியைப் பார்த்துப் பறந்துட்டு இருந்தது. நாங்க ரெண்டு பேரும் அதுக்கு எதிர்த்திசையில முதுகைக் காட்டிட்டு பெஞ்சுல உட்கார்ந்திருந்தோம்.

நண்பன் அரியாங்குப்பத்துக்காரன். பள்ளிக்கூடத்துலேர்ந்து கூட்டு. அவன் ஷீட்டை மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்தான்.

"எத்தனை முடிச்ச?"

"ஏழு."

"அதுல எத்தனை ஞாபகம் இருக்கு?"

நான் டீயைக் குடிச்சேன். பதில் சொல்ற கேள்வியா அது.

"ஒண்ணே ஒண்ணு படிக்கலாம்டா. ஒரு வருஷம் முழுக்க. ரெண்டு பேரும்"னு சொல்லிட்டு அவன் எடுத்து விட்ட பேர், ஆனந்தரங்கப் பிள்ளை.

அவனுக்கு இந்த யோசனை வந்த கதை நம்ம பதிவர் மக்களுக்குப் பிடிக்கும். சாமுவேல் பெப்பீஸ்னு 17ஆம் நூற்றாண்டு லண்டன்காரர். கடற்படை அலுவலகத்துல உத்தியோகம். 1660லேர்ந்து 1669 வரைக்கும் சுருக்கெழுத்துல டைரி எழுதி வச்சுட்டுப் போனார். அது அச்சுல வந்ததே 1825லதான். ஃபில் கிஃபோர்டுன்னு ஒருத்தர் 2003 ஜனவரி 1லேர்ந்து அந்த டைரியை நாளுக்கு ஒரு பக்கமா, பெப்பீஸ் எழுதின அதே தேதியில, வலைப்பதிவா போட ஆரம்பிச்சார். முடிக்க ஒன்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, 2012 மே மாசம். முடிச்சவர் சும்மா இருந்தாரா, 2013 ஜனவரியில மறுபடி முதல்லேர்ந்து! மூணு நாள் பதிவு போடலைன்னாலே நமக்குக் கை நடுங்குது, மனுஷன் ஒன்பது வருஷம் நாள் தவறாம ஓட்டியிருக்கார்.

பெப்பீஸ் இன்னொரு விஷயத்துலயும் நம்ம ஆளு. 1661 டிசம்பர் 31 அன்னிக்கு, இனிமே நாடகம் பார்க்க மாட்டேன், மது தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணினதா எழுதியிருக்கார். அப்புறம் மீறுவார். மீறினா தனக்குத்தானே அபராதம் போட்டு ஏழைகள் உண்டியல்ல காசு போடுவார். புத்தாண்டு சபதமும், அதை உடைக்கறதும், அதுக்குச் சமாதானம் சொல்லிக்கறதும் நேத்து வந்ததில்லை.

சரி, நம்ம பிள்ளைக்கு வருவோம். 1709ல சென்னை பெரம்பூர்ல பிறந்தவர். அப்பா திருவேங்கடம் பிள்ளை குடும்பத்தோட பாண்டிச்சேரி வந்து பிரெஞ்சுக் கும்பினி வியாபாரத்துல சேர்ந்தவர். மகன் 1736 செப்டம்பர் 6ல (நள வருஷம் ஆவணி மாசம்) டைரி எழுத உட்காரறார். காதால கேட்டது, கண்ணால பார்த்தது, வந்த கப்பல், போன கப்பல், இதையெல்லாம் எழுதப்போறேன்னு ஆரம்பம். அப்ப வயசு 27. என் வயசுக்கு ரொம்பக் கிட்ட. இந்த ஒரு தகவல்தான் என்னைக் கவுத்துச்சுன்னு நினைக்கிறேன். நான் 52 வரிசை ஷீட் போடற வயசுல அந்த ஆள் எழுத உட்கார்ந்து, இடையில விட்டு விட்டாலும், 1761 ஜனவரியில சாகற வரைக்கும் நிறுத்தலை. 24 வருஷத்துக்கு மேல. பெப்பீஸ் டைரியோட காலத்தைப் போல ரெண்டரை மடங்கு.

இதுக்கு நடுவுல 1746ல பெரிய துபாஷி கனகராய முதலியார் இறந்துபோக, அந்த வேலை இவர் கைக்கு வருது. துய்ப்ளேக்ஸ் கவர்னர். பிள்ளை எழுத்துல 'முசே' துய்ப்ளேக்ஸ். ஆற்காடு நவாபு, ஹைதராபாத், மராத்தியர், இங்கிலீஷ்காரங்க எல்லாருடைய காகிதமும் இவர் கண்ணுல பட்டுத்தான் உள்ளே போகும். தன் பங்குக்கு 'ஆனந்தப் புரவி'ன்னு சொந்தக் கப்பலும் வச்சிருந்தார். இன்னிக்கும் பெரிய மார்க்கெட் பக்கம் ரங்கப்பிள்ளை வீதியில அவர் வீடு நிக்குது. கீழ்த்தளம் நம்ம ஊர்க் கட்டுமானம், மாடி பிரெஞ்சுப் பாணி. ஆளைப் பத்தி ஒரே வீட்டுல எழுதி வச்ச மாதிரி.

டைரி பொழைச்சதே அதிர்ஷ்டம். 1846ல கல்வா-மோம்ப்ரோம்ங்கிற பிரெஞ்சு அதிகாரி பிள்ளையோட வம்சத்தார் வீட்டுல அதைக் கண்டுபிடிச்சுப் படி எடுத்தார். அரியேல்னு இன்னொருத்தர் எடுத்த படி பாரிஸ் தேசிய நூலகத்துக்குப் போச்சு. அப்புறம் சென்னை அரசாங்கம் இங்கிலீஷ்ல மொழிபெயர்க்க ஏற்பாடு பண்ணி, முதல் தொகுதி 1904ல, பன்னெண்டாவது 1928ல. முதல் மூணு தொகுதிக்கு ஃபிரெடரிக் பிரைஸ், அவர்கூட ரங்காச்சாரி. நாலுலேர்ந்து டாட்வெல். தமிழ்ல எழுதினதை முழுசா முதல்ல படிச்சது இங்கிலீஷ்காரங்கதான். இதுக்கு வெட்கப்படறதா, நன்றி சொல்றதான்னு எனக்கு இன்னும் தெரியலை. தமிழ்ல பன்னெண்டு தொகுதியும் மு.ராஜேந்திரன், அ.வெண்ணிலா பதிப்பிச்சு 2019ல வந்தாச்சு. அதுக்கு முன்னாடியே பிரபஞ்சன் இந்த டைரியைக் கரைச்சுக் குடிச்சு 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்'னு ரெண்டு நாவல் எழுதிட்டார். ரெண்டாவதுக்கு 1995ல சாகித்ய அகாதெமி விருது. எங்க ஊர்ல டைரியைப் பத்தித் தெரிஞ்ச பாதிப் பேருக்கு அவர் மூலமாத்தான் தெரியும்.

டீக்கடையிலயே கணக்கு போட்டோம். தொகுதிக்கு 400 பக்கம்னு வச்சாலும் 4800 பக்கம். 365ஆல வகுத்தா நாளைக்கு 13. "பதிமூணு பக்கம்லாம் ஒரு விஷயமாடா"ன்னு நான் சொன்னேன். இப்ப நினைச்சா சிரிப்பு வருது. நான் இங்கிலீஷ் தொகுதியை மொபைல்ல இறக்கிப் படிக்கறது, அவன் தமிழ்ல படிக்கறது, சனிக்கிழமை நான் சென்னையிலேர்ந்து வந்ததும் இதே பெஞ்சுல பேசறதுன்னு ஒப்பந்தம். மீறினவன் பரோட்டா வாங்கித் தரணும். பெப்பீஸுக்கு ஏழைகள் உண்டியல், எங்களுக்கு பரோட்டாக் கடை.

ஜனவரி சூப்பரா போச்சு. முதல் தொகுதி வேகமா ஓடும். கிட்டத்தட்ட பத்து வருஷம் அந்த ஒரே தொகுதிக்குள்ள. கப்பல் வருது, பீரங்கி மரியாதை, துணி மூட்டை, யாரோ வீட்டுக் கல்யாணம், யாருக்கு யார் எதிர்ல உட்கார்ந்தார். 1746ல சண்டை ஆரம்பிச்சதும் சக்கரம் சேத்துல மாட்டிக்கும். சில மாசத்துக்கே ஒரு தொகுதி. லபூர்தொனே சென்னையைப் பிடிச்சது (1746 செப்டம்பர்), அவருக்கும் துய்ப்ளேக்ஸுக்கும் குடுமிப்பிடி, யார் எந்த நேரத்துல யார்கிட்ட என்ன சொன்னார்னு பக்கம் பக்கமா போகும். படிக்கிறவன் பொறுமையைச் சோதிக்கும். ஆனா ஒரு மாசம் பழகிட்டா விடாது. கிசுகிசுதானே, நமக்கு வராதா என்ன.

அந்தத் தமிழைப் பத்தித் தனியா ஒரு பதிவே போடலாம். புலவர் தமிழ் கிடையாது. வாயில வந்த தமிழ். பாரசீகம், தெலுங்கு, போர்த்துகீசு, பிரெஞ்சு எல்லாம் கூச்சமே இல்லாம உள்ளே புகுந்து உட்கார்ந்திருக்கும். நண்பன் தமிழ் வரியைச் சத்தமா வாசிப்பான், நான் இங்கிலீஷைப் பார்ப்பேன். இங்கிலீஷ்ல எல்லாரும் கோட்டு போட்ட கனவான் மாதிரி பேசுவாங்க. தமிழ்ல அதே ஆளுங்க எங்க தெருவுல பேசற மாதிரி இருக்கும். பிரெஞ்சுப் பட்டாளத்துல வேலை பார்த்து பென்ஷன் வாங்கறவங்களை இன்னிக்கும் பாண்டியில 'சொல்தா'ன்னுதான் சொல்றோம். 'சொல்தா வீடு'ன்னா தெருவுல ஒரு தனி மரியாதை. நாங்களும் தமிழ்ல பிரெஞ்சு கலந்து பேசி வளர்ந்தவங்கதானே, அதனால அந்தக் கலப்பு எங்களுக்கு உறுத்தவே இல்லை.

மே மாசக் கடைசியில அஞ்சாவது தொகுதி. 1748. இதுதான் எங்க ஊர்த் தொகுதி!

புரியறதுக்கு ஒரு சின்ன வரைபடம். தெற்கே கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினத்துல இங்கிலீஷ்காரங்களோட செயின்ட் டேவிட் கோட்டை. வடக்கே பாண்டிச்சேரி, பிரெஞ்சுக்காரங்க. நடுவுல சுமார் 20 கிலோமீட்டர். அந்த நடுவுலதான் நாங்க. இன்னிக்கு பஸ்ல ஒரு பாட்டு முடியறதுக்குள்ள தாண்டிப்போற இந்த நிலம் வழியாத்தான் ரெண்டு பட்டாளமும் மாறி மாறி நடந்திருக்கு. 1746 டிசம்பர்ல பிரெஞ்சுப் படை கடலூரைப் பிடிக்கப் போய், நவாபு பிள்ளைகளோட குதிரைப்படை வந்ததும் அடிவாங்கித் திரும்பி அரியாங்குப்பத்துல வந்து நின்னுது. 1748 ஆகஸ்ட்ல இங்கிலீஷ் முறை. அட்மிரல் போஸ்காவன் பெரிய கப்பல் படையோட வந்து, செயின்ட் டேவிட் கோட்டையிலேர்ந்து தரைவழியா வடக்கே கிளம்பினார். நேரா பாண்டிக்குப் போக வேண்டியவர், வழியில அரியாங்குப்பத்துல இருந்த சின்னக் கோட்டையில மாட்டிக்கிட்டார். பலம் தெரியாம மோதி அடி வாங்கினாங்க. ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், பின்னாளில் இந்தியாவுல இங்கிலீஷ் பட்டாளத்துக்கே அப்பன்னு பேர் வாங்கினவர், அங்க பிரெஞ்சுக்காரங்ககிட்ட கைதியா சிக்கினார். கடைசியில கோட்டைக்காரங்களோட மருந்தே வெடிச்சு ஆட்கள் செத்து, பிரெஞ்சுக்காரங்க காலி பண்ணிட்டுப் போனாங்க. ஆனா அதுக்குள்ள போஸ்காவனுக்கு நாள் போச்சு. பாண்டி முற்றுகையை ஆரம்பிச்சு சரியா ஒரு நிலைக்கு வர்றதுக்குள்ள ஐப்பசி மழை பிடிச்சுக்கிச்சு. அக்டோபர்ல மூட்டை கட்டிட்டுத் திரும்பிட்டார். அந்த முற்றுகையில இருந்த சின்ன அதிகாரிகள்ல ஒருத்தர் ராபர்ட் கிளைவ். அப்ப 22, 23 வயசு.

அரியாங்குப்பம் மட்டும் அந்தச் சில நாள் தாக்குப் பிடிக்காம இருந்திருந்தா? நண்பனுக்கு இதுல ரொம்பப் பெருமை. ஒரு ஞாயித்துக்கிழமை பைக்கை எடுத்துட்டு கோட்டை எங்க இருந்திருக்கும்னு தேடப் போனோம். ஆத்தோரம், தென்னந்தோப்பு, புது மனைப்பிரிவு, வேலிக்கல். கோட்டைன்னு சொல்ற மாதிரி எதுவும் எங்க கண்ணுல படலை. ஒரு பெரியவர் "அரிக்கமேடு அந்தப் பக்கம் தம்பி"ன்னு கை காட்டினார். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தின ரோமானிய மதுக்குடத்துக்கு வழி சொல்ல ஆள் இருக்கு. 1748க்கு இல்லை.

இது வரைக்கும் ஜாலி. அதே 1748, அடுத்த மாசம் செப்டம்பர். ஊரைச் சுத்தி இங்கிலீஷ் பட்டாளம். உள்ளே வேதபுரீஸ்வரர் கோயிலை இடிக்கிறாங்க.

கோயில் அப்ப சேசு சபைப் பாதிரியார்களோட சம்பா கோயிலுக்குப் பக்கத்துலயே இருந்தது. பல வருஷமாவே அதை அங்கேர்ந்து அகற்றணும்னு நெருக்கடி. 1746லயே ராத்திரி யாரோ கோயிலுக்குள்ள அசுத்தத்தைக் கொட்டின சம்பவத்தைப் பிள்ளை எழுதியிருக்கார். முற்றுகை நேரம் பார்த்து காரியம் முடிஞ்சுது. கவர்னர் உத்தரவு. பின்னாடி மதாம் துய்ப்ளேக்ஸும் பாதிரியார்களும்னு பிள்ளை திட்டித் தீர்க்கறார். ஊர் மகாநாட்டார் ஓடி வந்து இவர்கிட்ட முறையிடறாங்க. ஒண்ணும் நடக்கலை. கவர்னருக்கு வலது கை மாதிரி இருந்த மனுஷன், சிவன் கோயில் ஒவ்வொரு கல்லா விழறதை எழுதிட்டு இருக்கார்.

நான் அந்தப் பக்கங்களை ராத்திரி ரெண்டு மணிக்குப் படிச்சேன். தூக்கம் போச்சு. அடுத்த நாள் 13 பக்கம் படிக்கலை. அதுக்கு அடுத்த நாளும் இல்லை. அந்த சனிக்கிழமை பெஞ்சுல உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதையே பேசினேன். பிள்ளை ஏன் வேலையை விட்டெறியலை? அவ்வளவு செல்வாக்கை வச்சுட்டு என்ன பண்ணினார்? என் குரல் ஏறிட்டே போனது எனக்கே தெரிஞ்சுது. அடுத்த வாரமும் அதையேதான் பேசினேன். அதுக்கு அடுத்த வாரமும்.

நண்பன் கிறிஸ்தவன். இதை நான் இவ்வளவு நேரம் சொல்லலை, ஏன்னா எங்களுக்குள்ள அது ஒரு தகவலா இருந்ததே இல்லை. அரியாங்குப்பம் மாதா கோயில் திருவிழாவுல நான் தின்ன பொரிகடலைக்கு அளவில்லை. மூணாவது வாரம் அவன் டீ கிளாஸைக் கீழ வச்சுட்டு மெதுவா கேட்டான்:

"முதல் தொகுதியில அந்தச் சுவரு வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

எனக்குச் சட்டுன்னு ஞாபகம் வரலை.

1745 அக்டோபர். தேவாலயத்துக்குள்ள ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் சாதிக் கிறிஸ்தவங்க, அந்தப் பக்கம் பறைச்சேரியிலேர்ந்து வர்ற கிறிஸ்தவங்க. பூசையெல்லாம் அப்படித்தான் நடந்துட்டு இருந்தது. ஒருநாள் சேரிக்காரங்க எல்லாம் ஒண்ணா கிளம்பி வந்து பெரிய பாதிரியாரைக் கேட்கறாங்க. நாங்களும் உங்க சீடங்கதானே, எங்களுக்கும் இவங்களுக்கும் நடுவுல எதுக்குச் சுவருன்னு. பாதிரியாரால மறுக்க முடியலை. சுவர் இடிபடுது. சாதிக்காரங்களுக்குப் பொறுக்கலை, கனகராய முதலியார் சொந்தக்காரங்களுக்கும் பாதிரியாருக்கும் வாய்த்தகராறு ஆகுது. ரங்கப் பிள்ளை இதை வெளியே நின்னு வேடிக்கை பார்க்கற ஆள் மாதிரி எழுதிட்டு, அடுத்த சேதிக்குப் போயிடறார்.

நானும் அடுத்த சேதிக்குப் போயிட்டேன். ஜனவரி மாசம், பஸ்ல, 13 பக்கத்துக்குள்ள அதுவும் ஒரு பக்கம். ஷீட்ல பச்சை.

"கோயிலுக்கு மூணு வாரம் நின்ன. நிக்க வேண்டியதுதான், தப்பு சொல்லலை. சுவருக்கு ஒரு டீக்குக் கூட நிக்கலை"ன்னான். "எங்க ஆளுங்க அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்டா."

இதுவும் இத்தனை வருஷத்துல நாங்க பேசினதே இல்லை. நான் என்னவோ சமாளிச்சேன். அது இடிச்சது, இது கட்டினதுன்னு ஏதோ. வாயிலேர்ந்து வரும்போதே மொக்கைன்னு தெரிஞ்சுது. அவன் டீக்குக் காசு கொடுத்துட்டு வண்டியைக் கிளப்பிட்டுப் போனான். ரெண்டு மாசம் சனிக்கிழமை பெஞ்சு காலி. பரோட்டா அபராதம் யார் தரணும்னு கேட்கக்கூட ஆள் இல்லை.

அந்த ரெண்டு மாசத்துல நான் அஞ்சாவது தொகுதியைத் தாண்டலை. முதல் தொகுதியை மறுபடி எடுத்தேன், இந்த முறை கணக்கு இல்லாம. சுவரை மட்டுமில்லை, இன்னும் என்னென்னவோ விட்டிருக்கேன். 1743ல வர்ற ஆள்பிடிக் கதை. ஏழை ஜனங்களை ஆசை காட்டி, மயக்கி, இழுத்துட்டு வந்து வீட்டுக்குள்ள அடைச்சு வச்சு, ராத்திரியோட ராத்திரியா கப்பலேத்தற கும்பல் மாட்டினதை எழுதியிருக்கார். மொரீசியஸ், ரீயூனியன் தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் இந்தக் கரையிலேர்ந்து அடிமைகள் போன காலம் அது. முதல் தடவை படிச்சப்ப எனக்கு இது கண்ணுலயே படலை. கப்பல் கணக்கு பார்த்துட்டு இருந்திருப்பேன்.

பிள்ளை மேல கோபம் வருதான்னா, வருது. ஆனா ஒண்ணு சொல்லணும். அவர் எழுதாம விட்டிருக்கலாம். அவருக்கு அந்தச் சேரி ஜனங்க மேல மரியாதை கிடையாது, எழுத்துலயே தெரியும். சாதித் திமிர், ஜோசியத்து மேல கண்மூடித்தனமான நம்பிக்கை, தற்பெருமை எல்லாம் தாராளமா இருந்த மனுஷன். அப்படி இருந்தும், அவங்க வந்து கேட்ட கேள்வியை எழுதி வச்சிருக்கார். 1745ல பேரே பதிவாகாத அந்த ஜனங்க சுவரைப் பத்தி என்ன கேட்டாங்கன்னு இன்னிக்கு என் நண்பன் படிக்கிறான்னா, இந்த ஆள் ராத்திரி விளக்கு வெளிச்சத்துல உட்கார்ந்ததாலதான். துபாஷி வேலையே இந்த வாய்ச்சொல்லை அந்தக் காதுக்குக் கொண்டுபோறதுதானே. பிடிக்காத சொல்லையும்.

நானா போய் அவன் வீட்டு வாசல்ல நின்னது ஆகஸ்ட் கடைசியில. தொகுதி ஒண்ணைப் பிரிண்ட் எடுத்து, அந்த அக்டோபர் பக்கத்துல காகிதம் சொருகி எடுத்துட்டுப் போனேன். மன்னிப்பு கேட்கற வசனமெல்லாம் ரெடி பண்ணி வச்சிருந்தேன், ஒண்ணும் வரலை. அவங்க அம்மா "எங்கப்பா ஆளையே காணோம்"னு காப்பி கொடுத்தாங்க. ரெண்டு பேரும் திண்ணையில உட்கார்ந்து அந்தப் பக்கத்தைச் சத்தமா, ஆளுக்கு ஒரு பத்தியா படிச்சோம். அவன் தமிழ்ல, நான் இங்கிலீஷ்ல. அப்புறம் அவனே "கோயில் பக்கத்தையும் எடுடா"ன்னான்.

அன்னிக்கு ஒரு விஷயம் கவனிச்சோம். 1748ல வேதபுரீஸ்வரர் கோயில் போச்சு. 1761ல இங்கிலீஷ்காரங்க பாண்டியைப் பிடிச்சதும் ஊரையே தரைமட்டமாக்கினாங்க, அதுல சம்பா கோயிலும் போச்சு. பதிமூணு வருஷத்துல பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் காலி. இன்னிக்கு மிஷன் வீதியில நிக்கற தேவாலயம் 1791ல முடிஞ்சது. வேதபுரீஸ்வரர் காந்தி வீதிக்குக் குடிபோயிட்டார். சண்டைக்குக் காரணமான ரெண்டு கட்டடமும் இல்லை.

கடைசி தொகுதியை எட்டிப் பார்க்கக் கூடாதுன்னு ஒப்பந்தம். நான் பார்த்துட்டேன். 1756லயே பிள்ளைக்கு வேலை போயிடுது. உடம்பு சரியில்லை. ஊர்ல லாலியோட அட்டகாசம், வெளியே இங்கிலீஷ் முற்றுகை, உள்ளே அரிசி இல்லை. 1761 ஜனவரி 1, அதாவது புத்தாண்டு அன்னிக்கு, பெரும் புயல். வெளியே நங்கூரம் போட்டிருந்த இங்கிலீஷ் கப்பல்கள் மூணு ஆளோட மூழ்கி ஆயிரம் பேருக்கு மேல செத்தாங்க. இன்னும் மூணு தெற்கே எங்க கரைப்பக்கம் ஒதுங்கித் தரைதட்டுச்சு. பாண்டிக்கு உயிர் வந்த மாதிரி இருந்திருக்கும். ஒரு வாரம்தான். மிச்சக் கப்பல்கள் சேர்ந்துட்டு மறுபடி வந்து நின்னுடுச்சு. ஜனவரி 16 அன்னிக்கு ஊர் விழுந்தது. பிள்ளை அதைப் பார்க்கலை, சில நாள் முன்னாடி கண்ணை மூடிட்டார். அவருக்கப்புறம் அவங்க குடும்பத்துலயே டைரி எழுதினாங்க, வீராநாயக்கர்னு ஒருத்தர் 1778லேர்ந்து 1792 வரைக்கும் எழுதினார். நம்ம ஊர்ல பதிவர் கூட்டம் 250 வருஷத்துக்கு முன்னாடியே ஆரம்பிச்சுடுச்சுன்னு வச்சுக்கங்க :-)

கணக்கு கேட்பீங்க. பன்னெண்டுல எட்டாவது தொகுதியில பாதியில நிக்கறோம். சபதம் தோல்வி, அபராதப் பரோட்டா ரெண்டு பேருமே தரணும்னு தீர்ப்பாச்சு.

இந்த டிசம்பர் 31க்கும் அதே பெஞ்சு. அதே கடலூர் வண்டிகள், அதே ஹார்ன். எக்செல் ஷீட்டைத் திறந்தேன், அவன் கையிலேர்ந்து மொபைலை வாங்கி 52 வரிசையையும் அழிச்சான். புது வருஷத்துக்கு ரெண்டே விதி. ஒண்ணு, மிச்சம் இருக்கற நாலரைத் தொகுதி, நாளைக்கு இத்தனை பக்கம்னு கணக்கு கிடையாது. ரெண்டு, யாரு வேணாலும் எந்த இடத்துல வேணாலும் "நில்லு"ன்னு சொல்லலாம், சொன்னா மத்தவன் அந்தப் பக்கத்தைத் திரும்பப் படிச்சுட்டு வந்துதான் மேல போகணும்.

பன்னெண்டு மணிக்கு நல்லவாடு பக்கம் வாணவேடிக்கை. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிட்டு "தம்பிங்களா, கிளம்பறீங்களா"ன்னார். எட்டாவது தொகுதியில விட்ட இடத்துலேர்ந்து நான் படிக்க ஆரம்பிச்சேன். மூணாவது வரியிலயே அவன் "நில்லு"ன்னான்.